ஒரு காசுகூட விழவில்லை

பை உங்கள் காலில் இடிக்கிறதா அம்மா? மடியில் வைத்துக்கொள்கிறேன். கனம் ஒன்றுமில்லை. நீங்களாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் பெண்கள் பக்கத்து சீட்டில் உட்காருகிறவன் இல்லை நான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? குரோம்பேட்டையில் ஏறியதிலிருந்து எல்லாரும் இந்தப் பையையே பார்க்கிறார்கள். முன் சீட்டுக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. துணிப்பையை ஜனங்கள் பார்த்ததே இல்லையா என்ன?

கொஞ்சம் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பேசுங்கள். பஸ் சத்தம்.

திருவான்மியூரா? நல்லதாகப் போயிற்று. எனக்கும் அங்கேதான் இறங்க வேண்டும். நீங்கள் இறங்கும்போது நானும் இறங்கிக்கொள்வேன். இந்தக் காலத்துக் கண்டக்டர்களை நம்ப முடிவதில்லை. விசிலை வாயில் வைத்துக்கொள்கிறார்கள், கன்னத்தை உப்புகிறார்கள், ஊதுவதே இல்லை. வண்டி தானாக நிற்கிறது, தானாகப் போகிறது. முன்பெல்லாம் அப்படியா?

என் பெயர் சூசை. லேடீஸ் டெய்லர். கீழே கடை, அதற்குப் பின்னாலேயே வீடு, மேலே மொட்டை மாடியில் ஒரு பெரிய அறை. அந்த அறையில்தான் என் மகள் வகுப்பு நடத்தினாள். என்ன வகுப்பு என்று கேட்டுவிட்டீர்கள். கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பேன். உங்களிடம் எதற்கு அது. பெல்லி டான்ஸ். அரபு நாட்டு ஆட்டம். இடுப்பையும் வயிற்றையும் வைத்து ஆடுவது. சொல்லிவிட்டேன், போதுமா?

சிரிக்கவில்லை நீங்கள். எங்கள் தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். "ஏன் சூசண்ணே, உங்க பொண்ணு தொப்பையக் குறைக்கச் சொல்லித் தருதா, இல்ல ஆட்டச் சொல்லித் தருதா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு பிலோமினா. கோயில் பாடகர் குழுவில் முன் வரிசையில் நிற்கிறவள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? "அது யோகா மாதிரி ஒண்ணும்மா" என்றேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். ஜெசி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுவிட்டாள்.

ஜெசிந்தா, அதுதான் என் மகள். பெங்களூரில் போன் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒரு மேடத்திடம் இதைக் கற்றுக்கொண்டாள். ரூபா மேடம். என் மனைவி ரோசலி படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். ரோசலி போன பிறகும் திரும்பிப் போகவில்லை. "உங்கள யார்கிட்டப்பா விட்டுட்டுப் போறது?" என்றாள். எனக்கு என்ன, நான் கல்லு மாதிரி இருக்கிறேன். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

அதன்பிறகுதான் மாடியில் வகுப்பு தொடங்கினாள். வந்தவர்கள் யார் தெரியுமா? எல்லாரும் என் கடைக்குத் துணி கொடுத்தவர்கள்தான். பாங்கில் வேலை பார்க்கிற துர்கா, இரண்டு நர்சுகள், ஒரு கணக்கு டீச்சர், கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிற ஓர் அம்மா. ஆட வந்தார்களா, பேச வந்தார்களா என்று சொல்ல முடியாது. ஒருத்திக்குப் பிறந்தநாள் என்றால் இன்னொருத்தி பிரியாணி கட்டிக்கொண்டு வருவாள். மாசக் கடைசியில் கூடி உட்கார்ந்து, ஒருத்தி ஆட மற்றவர்கள் பார்ப்பார்கள். கீழே வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். என் கடையில் ரவிக்கை அளவு கொடுக்கும்போது குனிந்தே நிற்கிற பெண்கள், மாடியிலிருந்து இறங்கும்போது நிமிர்ந்து இறங்குவார்கள். தோள் அளவே மாறிவிடும். டெய்லருக்கு அது தெரியும்.

நான் மேலே போனதில்லை. பெண்கள் ஆடுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை? ஆனால் எல்லாம் தெரியும். தர்புகா என்று ஒரு மத்தளம் உண்டு, டும் டும் என்று அது கூரை வழியாக என் தையல் மெஷினுக்கே வரும். கால் வைப்பதும் வரும். அதை வைத்தே இன்றைக்கு ஆட்டம் சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என் மகள் ஆட்டத்தை நான் மதிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆமாம், வலைத்துணி விஷயம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது. அவள் ஓர் உடுப்பு தைக்கக் கொடுத்தாள். மேலே ரவிக்கை, கீழே பாவாடை, நடுவில் ஒன்றுமில்லை. நடுவில் மட்டும் தோல் நிறத்தில் ஒரு வலைத்துணி வைத்துத் தைத்தேன். தூர நின்று பார்த்தால் தெரியவே தெரியாது, அவ்வளவு நேர்த்தி.

"இது என்னப்பா?"

"குளிராதும்மா."

"மே மாசத்துலயா?"

பிளேடு எடுத்துப் பிரித்துவிட்டாள். அத்தோடு அது முடிந்துபோன விஷயம். ஆனால் பெண் பிள்ளைகள் எதையும் மறப்பதில்லை, பார்த்தீர்களா? எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருந்து ஒருநாள் மொத்தமாக எடுத்து முன்னால் போடுவார்கள்.

இன்னும் ஒன்று. பிலோமினா ஒருநாள் வாசலில் நின்று, "அண்ணே, மேல ஒரே சத்தம், எங்க வீட்டுக்காரருக்குப் பகல் தூக்கமே போச்சு" என்றாள். மத்தளத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஜெசியிடம் போய், "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சா என்னம்மா?" என்றேன். வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்து வீட்டோடு பகைத்துக்கொள்ள முடியுமா? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு அவள் அப்படிப் பார்த்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

வண்டி எங்கே இருக்கிறது? பல்லாவரமா? சரி சரி. இன்னும் நேரம் இருக்கிறது.

காசுப் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்கு இடுப்பில் ஒரு துணி கட்டுவார்கள். முக்கோணத் துணி, அது முழுக்க வரிசை வரிசையாகத் தகரக் காசு தொங்கும். தங்க நிறம். கடையில் வாங்குகிற பட்டை இருக்கிறதே, அதைப் போல மோசமான தையலை நான் என் தொழிலில் பார்த்ததில்லை. ஒரே நூலை ஓட்டி, முடிச்சே போடாமல், எல்லாக் காசையும் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்று அறுந்தால் வரிசையே கொட்டும். வகுப்பு முடிந்தால் மாடிப்படியெல்லாம் காசு. நான்தான் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பேன். எனக்கு அதைப் பார்க்கவே ஆகாது. தைத்தது விழலாமா? தையலுக்கு அதைவிட அவமானம் உண்டா?

ஒருநாள் துர்கா காசை மிதித்து வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. அன்றைக்கு ஜெசி எல்லாப் பட்டையையும் மூட்டையாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"அப்பா, ஹஃப்லா வருது. மேடையில ஒரு காசு விழுந்தாலும் வம்பு. விழாத மாதிரி தைச்சுக் குடுங்க."

ஹஃப்லா என்றால் இவர்களெல்லாம் கூடி ஆடுகிற விழா. பல ஊர்களிலிருந்து வருவார்கள். இந்தத் தடவை திருவான்மியூரில் ஒரு மாடி ஹாலில். ரூபா மேடமே பெங்களூரிலிருந்து வந்து பார்க்கிறார். அந்த ஹாலில் அவ்வப்போது வந்து அவர் நடத்துகிற வகுப்பை இனி யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யப்போகிறார். ஜெசிக்கும் அவள் பெண்களுக்கும் அது பெரிய நாள்.

அவள் வாயால் சொன்னது என்ன? விழாத மாதிரி தைத்துக் கொடுங்கள். அதைத்தானே நான் செய்தேன்?

எப்படிச் செய்தேன் என்று கேளுங்கள். காசுக்கு மேலே ஓர் ஓட்டைதான் இருக்கும். நான் கீழேயும் ஓர் ஓட்டை போட்டேன், ஒவ்வொன்றிலும். மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு, மெழுகு தேய்த்த இரட்டை நூல். உள்ளே கெட்டித்துணி. காசு துணியோடு ஒட்டி, மீன் செதில் மாதிரி படுத்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கண் எரிய எரியத் தைத்தேன் அம்மா. கடை வேலையைக் கட்டிவைத்துவிட்டு, தீபாவளி ரவிக்கைக்காரிகள் வந்து திட்ட திட்டத் தைத்தேன். விழா அன்று மதியம்தான் முடிந்தது. ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள், மத்தளக்காரர் தட்டிக்கொண்டிருந்தார், ஒரே அமளி. பெண்கள் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"அப்பா, இன்னைக்கு ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாருங்கப்பா" என்றாள் ஜெசி. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது போல.

போனேன். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றேன். முதலில் பாட்டு. பிறகு மத்தளம் மட்டும். என் நெஞ்சிலேயே அடிப்பது மாதிரி இருந்தது. என் மகள் நடுவில். நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். குனியவில்லை. கூச்சமாக எதுவும் இல்லை அம்மா. அவள் வயிறு ஒரு குளம் மாதிரி அசைந்தது. அதை எதற்கு வலைத்துணியால் மூடினோம் என்று நினைத்துக்கொண்டேன். ரோசலி பார்த்திருக்க வேண்டும்.

பிறகு மத்தளமும் நின்றது. அதுதான் கடைசிப் பகுதி. யாரும் எதுவும் வாசிக்கவில்லை. பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று, முழங்காலை வைத்து இடுப்பை நடுநடுங்க அசைத்தார்கள். ஷிம்மி என்று அதற்குப் பெயர். எவ்வளவு வேகம், ஆனால் எவ்வளவு அமைதி! ஒரு காசுகூட விழவில்லை. நான் ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தேன். ஒன்றுகூட. கூட்டத்தில் சிலர் முன்னால் சாய்ந்து எதையோ எதிர்பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் சிரித்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள், ஒருத்தர்கூடக் கை தட்டவில்லையே என்று.

நான் தட்டினேன்.

அந்த ஹாலில் நான் ஒருத்தன்தான் தட்டினேன். பலமாகத் தட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையிலிருந்து ஜெசியும் பார்த்தாள். அவள் இடுப்பு ஆடிக்கொண்டேதான் இருந்தது, முகம் மட்டும் நின்றுவிட்டது. எப்படிச் சொல்வது? முகம் நின்றுவிட்டது.

அப்புறம் உள் அறை வாசலில் வந்து நின்றாள். பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள்.

"சத்தம் எங்கப்பா?"

"என்ன சத்தம்?" என்றேன்.

"என்ன சத்தமா? என்ன சத்தம்னா கேக்குறீங்க?"

நான் அவள் கையிலிருந்த பட்டையைப் பார்த்தேன். எல்லாக் காசும் அப்படியே இருந்தன.

"பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல. இப்படி ஒவ்வொரு காசா வாயை மூடித் தைச்சு, எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, அதுக்கு மேல கையும் தட்டுறீங்க?"

"விழாத மாதிரி தைக்கச் சொன்ன..."

"காசும் காசும் பட்டா சத்தம் வரும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்பா."

தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சேலையில் சமிக்கி வைக்கிறோம், அதுவும் உரசத்தான் செய்யும். அந்தச் சத்தத்தைக் கேட்கவா சேலை கட்டுகிறோம்? மின்னுவதற்குத்தானே? காசும் மின்னுவதற்குத்தான் என்று நான் நினைத்தேன். அப்படி ஒன்றும் பெரிய சத்தமும் அதில் கிடையாது. இத்தனை நாள் கீழே உட்கார்ந்து தைத்தேனே, மத்தளம் கேட்டது, காலடி கேட்டது, காசு கேட்டதா? இப்போதுகூட இதோ என் மடியில்தான் இருக்கின்றன, எல்லாப் பட்டையும். ஏதாவது கேட்கிறதா உங்களுக்கு?

அந்தக் குழந்தையைப் பாருங்கள். மறுபடியும் பார்க்கிறது.

எங்கே விட்டேன்? வீட்டுக்கு வந்தாள், துணியை அடுக்கினாள். அடுக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள் என் முன்னால். யோகா மாதிரி என்றது. வலைத்துணி. சத்தத்தைக் குறை என்றது. அப்புறம் எனக்கே ஞாபகம் இல்லாதவை எல்லாம். "பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. குக்கர் கத்திக் கத்திப் பருப்பு தீஞ்சுபோகும், பக்கத்துலயே உட்கார்ந்து பட்டன் தைப்பீங்க. நான் போன் பண்ணினா எடுக்க மாட்டீங்க. என்கூட ஒரே வீட்ல இருக்கிறதே உங்களுக்குப் பிடிக்கலைப்பா. அதை அம்மாதான் இத்தனை நாள் மூடி மூடி வச்சிருந்தாங்க."

போன் அடித்தால்தானே எடுப்பேன்? அடிக்காத போனை எப்படி எடுப்பது? நீங்களே சொல்லுங்கள்.

ரோசலி இருந்தவரை எனக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை அம்மா. யாராவது கூப்பிட்டால் என் தோளைத் தொட்டுக் காட்டுவாள். குக்கர் மூன்று விசில் ஆனதும் அவளே இறக்குவாள். பேசுகிறவர்கள் முன்னால் என்னைத் திருப்பி உட்கார வைப்பாள். அவள் போனதிலிருந்து வீடே அடங்கிவிட்டது. குக்கர்கூட விசில் அடிப்பதில்லை. காலையில் மாமரத்தில் குருவி வந்து உட்காருகிறது, வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான். துக்கம் வந்த வீடு அப்படித்தான் இருக்கும் போல.

என்ன? காதா?

என் காதுக்கு என்ன? நீங்கள் பேசுவது கேட்கவில்லையா எனக்கு? இதோ, முகத்தைப் பார்த்து எவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ரோசலியும் உங்களைப் போலத்தான், டாக்டர், டாக்டர் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் பக்கத்திலேயே வாழ்கிறவனுக்குக் கொஞ்சம் தூசி அடைக்கும், அவ்வளவுதான். தவிர, அப்படி ஏதாவது இருக்கிறது என்று ஜெசியின் காதில் விழுந்தால் என்ன ஆகும்? வகுப்பும் வேண்டாம், மேடமும் வேண்டாம் என்று மறுபடியும் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அம்மாவுக்கு உட்கார்ந்த மாதிரி. அது எதற்கு, இல்லாத ஒன்றுக்கு?

அவள் இப்போது திருவான்மியூரில் ஒரு தோழி வீட்டில் இருக்கிறாள். மாடி அறை பூட்டியே கிடக்கிறது. பட்டைகளையெல்லாம் என் மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அவற்றைத் தொடவில்லை. எதைத் தொட்டாலும் கெட்டுப்போகிறதே, எதற்குத் தொடுவது? ஒரு கடிதம் எழுதலாமா என்று பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. 'அன்புள்ள மகளுக்கு' வரை வந்தது. அதற்கு மேல் என்ன எழுதுவது? நான் செய்யவில்லை என்றா? செய்தது நான்தானே.

நேற்று முன்தினம் துர்கா ரவிக்கை வாங்க வந்தாள். கணுக்கால் சரியாகிவிட்டது.

"அங்கிள், சனிக்கிழமை மறுபடி ஆடுறோம். ரூபா மேடம் பெங்களூர் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"பட்டை?" என்றேன்.

"காசே வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர். 'எங்க அப்பாவுக்குப் பிடிக்காதது எதுக்கு'ன்னாங்க."

எனக்கு மெஷினில் ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சும்மா பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன்.

துர்கா நல்ல பெண். உட்கார்ந்தாள். அவள்தான் சொன்னாள், மாடியில் வகுப்பு எப்படி நடக்கும் என்று. "டீச்சர் எங்களைப் பாக்கவே மாட்டாங்க அங்கிள். முதுகைக் காட்டிக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்க. காசுச் சத்தத்தை வச்சே சொல்லுவாங்க. 'துர்கா, உன் இடுப்பு தூங்குது', 'ஷீலா, அவசரப்படாத'ன்னு. எல்லாக் காசும் ஒண்ணா மழை மாதிரி கேக்கணும். அதுவரைக்கும் திரும்ப மாட்டாங்க. கடைசில எங்க எல்லாச் சத்தமும் ஒண்ணா ஆயிடுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் சிரிச்சுக்கிட்டே திரும்பினாங்க. 'இதைத்தான் மேடையில் தனியா வைக்கப்போறோம், பாட்டே இல்லாம'ன்னாங்க."

என் தலைக்கு மேலே நடந்திருக்கிறது அத்தனையும்.

"உங்களுக்குக் கீழ கேட்டிருக்குமே அங்கிள்?"

"கேட்டுது, கேட்டுது" என்றேன்.

அவள் போனதும் பட்டைகளை எடுத்தேன். பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். நானே போட்ட முடிச்சு, அவிழவே மாட்டேன் என்கிறது. அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறேன். கெட்டித்துணியைக் கிழித்தேன். கீழ் முடிச்சை எல்லாம் அறுத்தேன். மேல் முடிச்சில் கொஞ்சம் நூல் விட்டு, காசு ஆடுகிற மாதிரி தொங்கவிட்டேன். விழாது, ஆனால் ஆடும். கீழே நான் போட்ட ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எப்படி அடைப்பது? போட்ட ஓட்டை போட்டதுதான்.

சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஆட்டிப் பார்த்தேன். தெருவில் லாரி போய்க்கொண்டிருந்தது, சரியாகத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஆட்டினேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினேன். படியில் ஒரு பூனை படுத்திருக்கும், அதற்குப் பின்னால் போய் நின்று ஆட்டினேன். அது காதைத் திருப்பியது, எழுந்து ஓடிவிட்டது. ஆனால் பூனை எதற்கு வேண்டுமானாலும் ஓடும். அதை நம்பி எப்படி ஒரு மேடைக்குக் கொடுப்பது? பிலோமினாவைக் கேட்கலாம். கேட்டால் ஊருக்கே சொல்வாள்.

வேளச்சேரி தாண்டிவிட்டோமா? சிக்னல். காலுக்குக் கீழே அதிர்வு நின்றுவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டார் போல. அப்படியும் பாருங்கள், இந்த பஸ் சத்தம் குறையவே இல்லை, காதுக்குள்ளேயே இரைகிறது.

நீங்கள் ஒன்று செய்வீர்களா அம்மா? தப்பாக நினைக்கக் கூடாது. இந்தப் பையை ஒரு தடவை ஆட்டுங்கள். வாங்கிக்கொள்ளுங்கள். லேசாக ஆட்டினால் போதும்.

எல்லாரும் திரும்பிவிட்டார்களே. டிரைவரே கண்ணாடியில் பார்க்கிறார். கண்டக்டர் என்னவோ சொல்கிறார், என்ன சொல்கிறார்? "பெரியவரே, பையில சலங்கையா?" என்றா? சிரித்துக்கொண்டுதானே சொல்கிறார்?

அப்படியென்றால் வருகிறது. நன்றாக வருகிறதா? ஒன்றுபோல வருகிறதா, மழை மாதிரி?

என்ன சொல்கிறீர்கள்?

ஏறியதிலிருந்தேவா?

குரோம்பேட்டையிலிருந்தே... என் மடியில் இருந்தபோதும்?

சரி. இருக்கட்டும். இந்த பஸ் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

இல்லை, ஒன்றுமில்லை. கண்ணில் தூசி. ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்கள்.

அந்த ஹாலில் நான் ஒருத்தன் மட்டும் கை தட்டினேன், பாருங்கள்.

இறங்க வேண்டியதுதானா? மெதுவாக இறங்குங்கள். பையை நீங்களே வைத்திருங்கள். உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு கதையும் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதோ அந்த மஞ்சள் கட்டடம்தான், இன்றைக்கு அவர்கள் ஆடப்போகிற ஹால். மருந்துக் கடைக்கு மேலே, மாடி. ரோட்டைப் பார்த்த பெரிய ஜன்னல் தெரிகிறதா? பெண்கள் மட்டும் இருக்கிற இடம், என்னை உள்ளே விடுவார்கள்தான், ஆனால் என்னைப் பார்த்தால் ஜெசி பட்டையை வாங்க மாட்டாள். நீங்கள் போய் துர்கா கையில் கொடுங்கள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். ஓட்டையைப் பார்த்தாலே ஜெசிக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டாம், நீங்கள் என்னிடம் கேட்டீர்களே, டாக்டர், காது, அந்தப் பேச்சு. அது உங்களுக்கும் எனக்கும் பஸ்ஸில் நடந்த பேச்சு.

கொடுத்துவிட்டு உடனே வந்துவிடாதீர்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர்கள் கட்டிக்கொள்வார்கள், கட்டாமல் இருக்க மாட்டார்கள், பெண்கள்தானே. மேடைக்கு முன்னால் ஒரு தடவை ஆடிப் பார்ப்பார்கள், ஜெசி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கண்ணை மூடியிருப்பாள். அவர்கள் ஆடட்டும். அவள் திரும்புகிறாளா என்று பாருங்கள். சிரித்துக்கொண்டே திரும்பினால், அந்த ஜன்னலுக்கு வந்து கையைக் காட்டுங்கள்.

நான் எதிர்ப்பக்கம் அந்த டீக்கடையில் நிற்பேன். எனக்கு அங்கிருந்தே கேட்கும். இருந்தாலும் நீங்கள் கையைக் காட்டுங்கள்.